அகத்தியும் அகரோஸும்

வத்தலக்குண்டுப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் போடுகிறவர்கள் முதலில் ஊன்றுவது அகத்தி விதையை. அகத்தி எழுந்து நிழல் விழத் தொடங்கிய பிறகுதான் அதன் காலடியில் கொடி நடுவார்கள். கொடி ஏற ஏற வாழைநாரால் அகத்தியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டே போக வேண்டும். இறுக்கிக் கட்டினால் தண்டு நைந்துவிடும், தளர விட்டால் கொடி சரியும். அகத்தி அடர்ந்துபோனால் வெற்றிலைக்கு வெளிச்சம் போதாது என்று கிளையைக் கழித்து ஆட்டுக்குப் போடுவார்கள். சந்தையில் கவுளிக் கணக்கில் விலை பேசும்போது மட்டும் அகத்தியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஊர்ப்பெயரே வெற்றிலைக்குண்டு என்பதன் மருவல் என்று சொல்லிக்கொள்ளும் எங்கள் ஊரில் அகத்திக்கு அவ்வளவுதான் மரியாதை.

நான் பிழைப்புக்குச் செய்வது புரதங்களைப் பிரித்தெடுக்கும் வேலை. அதிலும் ஓர் அகத்தி உண்டு. விலைப்பட்டியலிலும் ஆய்வேட்டிலும் ‘தாங்கி’ என்ற ஒரே சொல்லில் அதைக் கடந்துபோவார்கள். தாங்கி சரியில்லையென்றால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை என்பது பட்ட பிறகே தெரிகிறது.

முறை இதுதான். ஒரு கண்ணாடிக் குழலில் மாவுபோல் நுண்ணிய மணிகளை நிரப்புகிறோம். ஒவ்வொரு மணியும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அதுதான் தாங்கி, உடம்பு முழுக்க நுண்துளைகள். துளைச் சுவர்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குட்டையான எண்ணெய்ச் சங்கிலிகள் முளைத்திருக்கும்: நான்கு கார்பன் நீளமுள்ள பியூட்டைல், அல்லது வளையமாக இருக்கும் பினைல். புரதக் கலவையை உப்புக் கரைசலோடு மேலே ஊற்றினால், உடம்பில் எண்ணெய்ப் பசையான திட்டுகள் அதிகம் உள்ள புரதம் சங்கிலியில் ஒட்டிக்கொள்ளும், மற்றவை வழிந்து போய்விடும். பிறகு உப்பைப் படிப்படியாகக் குறைத்தால் ஒட்டியவை ஒவ்வொன்றாக இறங்கும். இதற்கு நீர்வெறுப்பு வண்ணப்பிரிகை என்று பெயர். வண்ணம் இதில் ஏதும் இல்லை. ருசியத் தாவரவியலர் மிக்கேல் ஸ்வெட் இலைச்சாற்றின் நிறமிகளைச் சுண்ணாம்புத் தூள் நிரப்பிய குழலில் பிரித்துக் காட்டி 1906இல் வைத்த பெயர் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. இலையும் சுண்ணாம்பும்! வெற்றிலை போடுகிறவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நீர்வெறுப்பு என்ற சொல் கொஞ்சம் ஏமாற்றும். ரசத்தில் தாளித்துக் கொட்டிய எண்ணெய் முதலில் சிறு வட்டங்களாக மிதந்து, கொஞ்ச நேரத்தில் ஒன்றோடொன்று கூடிப் பெரிதாவதை அடுப்படியில் நின்றிருக்கிற எல்லோரும் பார்த்திருப்போம். எண்ணெய்க்கு எண்ணெய்மேல் அப்படியொன்றும் பாசம் கிடையாது. நீர் மூலக்கூறுகள் ஒன்றின் கையை ஒன்று பிடித்தபடி, கணத்துக்குக் கணம் ஆள் மாற்றிக்கொண்டே இருக்கும் கூட்டம். நடுவே எண்ணெய்த் திட்டு ஒன்று வந்தால் அதை ஒட்டியிருக்கும் நீருக்குத் திரும்ப இடமில்லை, வரிசையில் நிறுத்திவைத்ததுபோல் ஆகிவிடும். இரண்டு திட்டுகள் சேர்ந்துகொண்டால் இடையில் சிக்கியிருந்த நீர் விடுபடுகிறது. அந்த விடுதலைதான் ஒட்டுதலுக்கு விசை.

உப்பு இதை வலுவாக்குகிறது. எந்த உப்பும் அல்ல. பிராகில் வேலை செய்த பிரான்ஸ் ஹோப்மைஸ்டர் 1888இல் முட்டை வெள்ளைக்கருவில் பல உப்புகளைப் போட்டுப் பார்த்து, புரதத்தைத் திரளவைக்கும் திறன்படி அவற்றை வரிசைப்படுத்தினார். சல்பேட் முன்வரிசையில் நிற்கும், குளோரைடு நடுவில், தயோசயனேட் கடைக்கோடியில். சல்பேட் தன்னைச் சுற்றி நீரை இறுகப் பிடித்துக்கொண்டு அதன் பரப்பு இழுவிசையைக் கூட்டும். அந்த நீர் எண்ணெய்த் திட்டைத் தழுவி நிற்க இன்னும் தயங்கும். ஆகவே இந்த வேலையில் அன்றாடம் புழங்குவது அமோனியம் சல்பேட். வத்தலக்குண்டு உரக்கடையில் மூட்டையாகக் கிடைக்கிற அதே பொருள்தான், சுத்தத்தில்தான் வித்தியாசம். ஒரு லிட்டருக்கு 132 கிராம் கரைத்தால் அது ஒரு மோலார். பெரும்பாலான புரதங்களை ஒட்டவைக்க ஒன்று முதல் இரண்டு மோலார் வரை போதும்.

உப்பின் துணையோடு புரதத்தை ஒரு பரப்பில் ஒட்டவைக்கலாம் என்பதை ஸ்வீடனின் உப்சாலாவில் ஆர்னே டிசேலியஸ் 1948இல் சொல்லிவிட்டார். அதே ஆண்டு அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் நல்ல தாங்கி இல்லாமல் அந்த யோசனை ஏறக்குறைய கால் நூற்றாண்டு தூங்கியது. 1972இல் அது விழித்துக்கொண்ட கதை எனக்குப் பிடித்தமானது. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ஷ்முவேல் ஷால்டியேலும் கூட்டாளிகளும் கிளைக்கோஜன் பாஸ்பாரிலேஸ் என்ற நொதியைப் பிரித்தெடுக்க முயன்றபோது, கடற்பாசியிலிருந்து வரும் அகரோஸ் என்ற கூழாலான மணிகளில் வெறும் கார்பன் சங்கிலிகளை மட்டும் கட்டிப் பார்த்தார்கள். ஒன்றிரண்டு கார்பன் நீளத்தில் நொதி நிற்காமல் போய்விட்டது. மூன்றில் தயங்கித் தயங்கி வந்தது. நான்கில் ஒட்டிக்கொண்டது. ஆறில் ஒட்டியது, ஆனால் அமிலம் விட்டு அதன் உருவைக் குலைத்தால்தான் இறங்கியது. ஒரு கார்பன் கூடினால் பிடிமானம், அதற்கு மேல் போனால் கழுத்து நெரிப்பு.

அந்தக் கண்டுபிடிப்பில் ஒரு சிக்கல் ஒளிந்திருந்தது. சங்கிலியை அகரோஸோடு கட்டப் பயன்படுத்திய சயனோஜன் புரோமைடு வினை, கட்டிய இடத்தில் ஒரு நேர்மின்னூட்டத்தையும் விட்டுச்செல்லும். அப்படியானால் புரதத்தைப் பிடித்தது எண்ணெயா, மின்னூட்டமா? உப்சாலாவின் ஸ்டெல்லன் யெர்ட்டேன் இந்தக் கேள்வியை விடவில்லை. மின்னூட்டம் இல்லாமல் சங்கிலியைக் கட்டும் வழியை வகுத்து, 1973இல் இந்த முறைக்கு இன்று வழங்கும் பெயரையும் வைத்தார். வரலாற்றைச் சொல்கிறவர்கள் சங்கிலியின் நீளத்தையே பெரிதாகப் பேசுவார்கள். என் பார்வையில் யெர்ட்டேன் செய்ததுதான் பெரிய காரியம்: தாங்கியின் வாயை அடைத்தார். கொடியைப் பற்றிப் பேச வேண்டுமானால் அகத்தி முதலில் சும்மா இருக்க வேண்டும்.

சும்மா இருப்பதில் அகரோஸுக்கு நிகர் குறைவு. அகரோஸ் வேறெங்கோ பிறந்த பொருள் இல்லை. மதுரையில் ஜிகர்தண்டாவில் போடும் கடல்பாசியின் நெருங்கிய உறவு அது. சிவப்புக் கடற்பாசிகளிலிருந்து வரும் அகரில் இரண்டு பங்குகள் இருப்பதை ஜப்பானின் சோஜி அராக்கி 1937இல் கண்டார். ஒன்று, கந்தகக் குழுக்களும் மின்னூட்டமும் உள்ள அகரோபெக்டின். மற்றது மின்னூட்டம் ஏறக்குறைய இல்லாத அகரோஸ். முதலாவதைத் தள்ளி இரண்டாவதை எடுத்தால் தாங்கி தயார். நூற்றுக்கு ஆறு பங்கு அகரோஸ் கொண்ட மணி ஒன்றில் மீதித் தொண்ணூற்று நான்கும் நீர். புரதம் உள்ளே நுழைந்தால் அது பார்ப்பது பெரும்பாலும் நீரைத்தான்.

அகர் தரும் பாசி மன்னார் வளைகுடாவில் விளைகிறது. இராமநாதபுரம் கடற்கரைப் பெண்கள் மரிக்கொழுந்துப் பாசி என்றும் கஞ்சிப் பாசி என்றும் அழைப்பவை இவை. விரல்களில் துணியைச் சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி மூழ்கிப் பாறையிலிருந்து பறித்து வருகிறார்கள். தீவுகளைச் சுற்றியுள்ள கடலை 1986இல் தேசியப் பூங்கா ஆக்கிய பிறகு, எங்கே பறிக்கலாம் எங்கே கூடாது என்பது வனத்துறைக்கும் அவர்களுக்கும் தீராத வழக்கு. பாசி அங்கிருந்து மதுரைப் பக்கத்து அகர் ஆலைகளுக்கு வருகிறது. கஞ்சிப் பாசியில் கந்தகம் அதிகம், கூழ் இளகலாக இருக்கும். மரிக்கொழுந்துப் பாசியின் கூழ் கெட்டி. காரத்தில் ஊறவைத்துக் கந்தகத்தைக் குறைத்து, நம் பாசியிலிருந்தே அகரோஸ் எடுக்கும் வழிகளை மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் ஆராய்ந்திருக்கிறது. அதன் நிலையம் ஒன்று மண்டபத்தில் இருக்கிறது.

அகரோஸின் குறை அதன் மென்மை. நாம் குழலில் வேகமாக நீரைத் தள்ளினால் மணிகள் ஒன்றன்மேல் ஒன்று அமுங்கி, அடியில் இட்லி மாவு போல் அப்பிக்கொண்டு வழியை அடைத்துவிடும். நான் முதல்முதலாக நிரப்பிய குழலுக்கு அதுதான் கதி. அவசரம் என்று பம்பைத் திருகினேன், மூன்றே நிமிடத்தில் படுகை நான்கு விரல் அளவு இறங்கிவிட்டது. குறுக்குப் பிணைப்பு போட்டு அகரோஸை உறுதியாக்கினார்கள். அப்படியும் ஆலைகளில் ஆள் உயரத்துக்கு எழும் பெரிய குழல்களில் அழுத்தம் ஓரளவுக்குத்தான் தாங்கும். அங்கேதான் செயற்கைப் பாலிமர்களுக்கு வேலை வந்தது.

செயற்கைப் பாலிமரில் முதலில் நினைவுக்கு வருவது பாலிஸ்டைரீன். டைவினைல்பென்சீனோடு குறுக்கே பிணைத்தால் கல் போல இருக்கும். அமிலம், காரம் எதற்கும் அசையாது. ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் ஒரு மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு ஊற்றிக் கழுவலாம். அப்படிக் கழுவினால் இன்னொரு தாங்கியான சிலிக்கா கரைந்தே போகும். ஆனால் பாலிஸ்டைரீன் உடம்பு முழுக்க எண்ணெய். தாங்கியே புரதத்தைப் பிடித்துக்கொள்ளும், பிடித்ததை விடாது. சில சமயம் அதன் மடிப்பையே பிரித்துப் பாழாக்கும். ஆகவே அதன் மேல் நீருக்கு இணக்கமான ஒரு படலத்தைப் போர்த்திய பிறகே புரத வேலைக்குக் கொண்டுவந்தார்கள். அகத்திக்குப் பதில் புளியமரத்தை நட்டுவிட்டு, தினமும் கிளை வெட்டிக்கொண்டிருப்பதைப் போன்ற ஏற்பாடு. வேலை நடக்கும், அலுப்பும் அதிகம்.

நடுவழி மெத்தக்ரிலேட். மெத்தக்ரிலேட் தாங்கியின் பூர்வீகம் பிராகில்தான் இருக்கிறது, ஹோப்மைஸ்டர் உப்பை வரிசைப்படுத்திய அதே ஊரில். ஓட்டோ விக்டர்லே என்ற செக் வேதியியலர் ஹைட்ராக்சிஎத்தில் மெத்தக்ரிலேட்டிலிருந்து நீர் உறிஞ்சும் மென்கூழைச் செய்து, 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில் தன் வீட்டிலேயே, பிள்ளைகள் விளையாடும் கட்டுமானப் பொம்மைத் துண்டுகளால் எந்திரம் கட்டி, மென் கண்வில்லைகளை வார்த்தார். எழுபதுகளில் அதே குடும்பத்துப் பொருளைக் கெட்டியாகப் பிணைத்து, துளைகளுள்ள மணிகளாக்கி, பிரிகைத் தாங்கி செய்தவர்களும் செக் நாட்டவரே. ஜப்பானில் ஹைட்ராக்சில் குழுக்கள் நிறைந்த மெத்தக்ரிலேட் மணிகள் பெரிய அளவில் வந்தன. இந்த மணிகள் அழுத்தம் தாங்கும், காரம் தாங்கும், நீரோடும் ஓரளவு ஒத்துப்போகும். நூறு நானோமீட்டர் அகலமுள்ள துளைகள்கூட வைக்கலாம். துளையின் அளவு முக்கியம். புரதத்தைப் போல் ஐந்து மடங்காவது துளை இருந்தால்தான் அது தடையில்லாமல் போய்வரும். ஹெபடைட்டிஸ்-பி தடுப்பூசியில் இருக்கும் மேற்பரப்புப் புரதம் 22 நானோமீட்டர் அகலமுள்ள கொழுப்புத் துகளாகவே உருவாகிறது. கொழுப்பு இருப்பதால் நீர்வெறுப்புக் குழலில் நன்றாக ஒட்டும், பருமன் பெரிதென்பதால் குறுகிய துளைக்குள் நுழையாது. ஐதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் அந்தத் தடுப்பூசியை 1997இல் இந்தியாவிலேயே செய்து விலையைச் சாமானியருக்கு எட்டும்படி இறக்கிய பிறகு, புரதச் சுத்திகரிப்பு என்பது நம் நாட்டிலும் ஒரு தொழிலாகிவிட்டது.

மெத்தக்ரிலேட் நமக்கும் அந்நியம் இல்லை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆரோலேப் 1992 முதல் கண்ணுக்குள் வைக்கும் வில்லைகளைச் செய்கிறது. தொடக்கத்தில் அவை பாலிமெத்தில் மெத்தக்ரிலேட். இன்று மடித்துச் செலுத்தும் நீர்வெறுப்பு அக்ரிலிக் வில்லைகளும் உண்டு. எங்கள் ஊரில் கண்புரை அறுவை முடிந்து வந்து வெற்றிலை ஆய்கிற பாட்டிகளின் கண்ணுக்குள் இருப்பது மெத்தக்ரிலேட் குடும்பம்தான். 1949இல் லண்டனில் ஹரால்டு ரிட்லி முதல் வில்லையை வைத்ததற்குக் காரணமே, போர் விமானிகளின் கண்ணில் தெறித்த அக்ரிலிக் சில்லுகளைக் கண் பொருட்படுத்தாமல் விட்டதைக் கவனித்ததுதான். கண்ணுக்குள் இருந்தும் கண்ணின் வேலையில் தலையிடாத பொருள். புரதக் குழலில் தாங்கியிடம் நாம் கேட்பதும் அதையே.

அப்படியென்றால், அகரோஸுக்கான பாசி மண்டபத்தில், மெத்தக்ரிலேட்டைக் கையாளத் தெரிந்த கைகள் மதுரையில், உப்பு உரக்கடையில். மணி மட்டும் ஏன் பெரும்பாலும் ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்துகொண்டிருக்கிறது? மூலப்பொருள் இல்லாத குறை இல்லை. மணியைத் திரும்பத் திரும்ப அதே மணியாகச் செய்வதுதான் கடினம். மெத்தக்ரிலேட் மணி செய்வது ரச எண்ணெய்க் கதையேதான்: எண்ணெய் போன்ற மூலத் திரவத்தை நீரில் ஊற்றிக் கலக்க, துளித்துளியாக உருண்டு நிற்கும். அந்தத் துளிகளைச் சூடாக்கி அப்படியே இறுகவைக்கிறார்கள். வினையில் சேராத இன்னொரு திரவத்தை உள்ளே விட்டுப் பிறகு கழுவி எடுத்தால், அது இருந்த இடமெல்லாம் துளை. கலக்கும் வேகம் சற்று மாறினால் துளியின் அளவு மாறும். பொடி மணிகள் வடிகட்டியை அடைக்கும், பெரிய மணிகளில் புரதம் உள்ளே போய்த் திரும்பத் தாமதமாகும். எண்ணெய்ச் சங்கிலியின் அடர்த்தியும் மில்லிலிட்டருக்கு 20 முதல் 40 மைக்ரோமோல் என்ற அளவுக்குள் ஒவ்வொரு தொகுப்பிலும் நிற்க வேண்டும்.

அதைவிடப் பெரிய பூட்டு காகிதத்தில் இருக்கிறது. ஒரு மருந்துக்கு ஒப்புதல் கேட்கும் கோப்பில் எந்த மணி என்பதையும் எழுதிக் கொடுக்கிறார்கள். பிறகு மணியை மாற்ற வேண்டுமென்றால் புரதம் மாறவில்லை என்று புதிதாக நிரூபிக்க வேண்டும். நூறு சுற்றுக்குப் பிறகும் மணி அப்படியே இருக்கிறதா, அதிலிருந்து எதுவும் மருந்தில் கசிகிறதா என்று காட்ட வேண்டும். இருக்கிற மணியையே வாங்கிவிட்டுப் போவது எளிது. புதிதாக ஒருவர் நல்ல மணி செய்தாலும் வாங்க ஆள் கிடைப்பதற்குள் தேய்ந்துபோவார். இது வேதியியல் சிக்கல் இல்லை, வேதியியலால் மட்டும் தீராது.

இன்னொன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. வத்தலக்குண்டு கடல்மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டர் உயரத்தை ஒட்டி இருக்கிறது, கொடைக்கானல் இரண்டாயிரத்து நூறு மீட்டரை ஒட்டி. மலைச்சாலையில் ஏறினால் பத்துப் பன்னிரண்டு டிகிரி வெப்பம் குறையும். மேலே போனதும் தேங்காயெண்ணெய் புட்டியில் உறைந்து நிற்கும். அதைப் பார்த்து, குளிரில் எண்ணெய்ப் பிடிப்பு கூடும் என்று நினைக்கத் தோன்றும். நீர்வெறுப்புக் குழலில் நடப்பது நேர்மாறு. ஒட்டுதலுக்கு விசை நீரின் விடுதலை என்று பார்த்தோம். சூடு கூடக் கூட அந்த விடுதலைக்கு மதிப்பும் கூடும். ஆகவே அடிவாரத்தில் இறுகப் பிடித்த புரதம் மலைமேல் முன்னதாகவே நழுவிவிடும். வேறு பல பிணைப்புகள் சூட்டில் தளரும், இது இறுகும். ஒருமுறை, பெயர் வேண்டாத ஒரு நிறுவனத்தில், 4 டிகிரி குளிரறையில் வகுத்த முறையை 28 டிகிரி கூடத்தில் ஓட்டினோம். உப்பை முழுக்க இறக்கியும் புரதம் இறங்கவில்லை. இரண்டு நாள் பம்பைக் கழற்றிப் பார்த்தோம், உப்பை மறுபடி நிறுத்தோம், மணி வியாபாரியைத் தொலைபேசியில் திட்டினோம். மூன்றாம் நாள் ஒருவர் சுவரில் தொங்கிய வெப்பமானியைக் காட்டினார்.

மணியைச் சோதிக்காமலே அதன்மேல் பழி போட்ட கூச்சம் எனக்கு. அதிலிருந்து, புது மணி எது வந்தாலும் நான் முதலில் செய்வது ஒரே காரியம். சங்கிலி கட்டாத வெறும் தாங்கியைக் கேட்டு வாங்கி, தனிக் குழலில் நிரப்புவேன். ஜெல்லி மீனிலிருந்து ஒசாமு ஷிமோமுரா 1962இல் எடுத்த பச்சை ஒளிர்புரதம் இதற்கு வசதி. அதற்காக அவருக்கு 2008இல் நோபலில் பங்கு கிடைத்தது. இன்று கல்லூரி ஆய்வகங்களிலேயே பாக்டீரியாவில் வளர்த்துக்கொள்கிறார்கள். இரண்டு மோலார் உப்பில் அதைக் கரைத்து, வெறும் மணிமேல் ஊற்றி, விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதா டார்ச்சைப் பிடிப்பேன். போர்வை இல்லாத பாலிஸ்டைரீனில் பச்சை வளையம் மேலேயே நின்றுவிடும், நகராது. மெத்தக்ரிலேட்டில் சற்றே பின்தங்கி, வால் நீண்டபடி வரும். அதன் முதுகெலும்பிலும் கொஞ்சம் எண்ணெய் இருப்பது அப்போது தெரியும். அகரோஸில் ஊற்றிய வேகத்திலேயே பச்சை கீழே இறங்கி, ஏழெட்டுச் சொட்டுகளில் குழாயை விட்டு வெளியேறிவிடும். குழலுக்குள் டார்ச்சைத் திருப்பினால் இருட்டாக இருக்கும்.